மெதுவாகப் பிறந்த குதிரையும் மெதுவாக்கப்பட்ட குதிரையும்

வெஸ்டர்ன் பிளெஷர் என்ற அமெரிக்கக் குதிரையேற்றப் போட்டியை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு அங்கே எதுவுமே நடக்காதது போலத் தெரியும். தடை தாண்டுவது இல்லை, மாடு விரட்டுவது இல்லை, நேரக் கணக்கும் இல்லை. வேலியோரமாக ஒரு கூட்டம் குதிரைகள் ஒரே திசையில் போகின்றன. ஒலிபெருக்கியில் நடை, ஜாக் (மெதுவோட்டம்), லோப் (மெதுவான பாய்ச்சல்) என்று அறிவிப்பார்கள். திசையை மாற்றி அதையே மறுபடியும் செய்யச் சொல்வார்கள். கடைசியில் வரிசையாக நிறுத்திப் பின்னோக்கி நடக்கவைப்பார்கள். இந்தக் குதிரையின் மேல் நாள் முழுவதும் அமர்ந்து போனால் சுகமாக இருக்குமா என்பதுதான் நடுவரின் மனத்தில் உள்ள கேள்வி. கடிவாள வார் தளர்ந்து தொங்க, தலை தோள் மேட்டுக்கு ஏறத்தாழச் சமமாக நிற்க, சவாரி செய்பவர் எதையுமே செய்யாதது போல அமர்ந்திருக்க, குதிரை தன்பாட்டுக்குச் சீராகப் போக வேண்டும்.

பார்க்க எளிது, வாங்க மிகக் கடினம். நான் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். வளர்ந்த பிறகுதான் குதிரையேற்றம் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகள் பயிற்சிக் கூடத்தின் குதிரைகளில் ஏறியபின் சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த சில தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தப் போட்டிகளில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்தான் இதை எழுதவைத்தன.

இந்த மாநிலத்தில் குதிரை தேடுவதில் ஒரு வசதி உண்டு. குவார்ட்டர் ஹார்ஸ் என்பது ஓர் அமெரிக்கக் குதிரை இனம். அந்த இனத்துக்காக 1967 முதல் நடந்துவரும் ஆல் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் காங்கிரஸ் ஒவ்வோர் அக்டோபரிலும் கொலம்பஸ் நகரில் கூடுகிறது. ஒரே இனத்துக்கான குதிரைக் காட்சிகளில் உலகிலேயே பெரியது அதுதான். வாங்கும் எண்ணமே இல்லாத ஆண்டுகளிலும் நான் அங்கே போய்ப் பயிற்சித் திடலின் வேலியருகே நின்றிருக்கிறேன். போட்டித் திடலைவிட அங்கேதான் அதிகம் கற்றுக்கொள்ளலாம். அதிகாலையிலும் இரவிலும் குதிரைகளை எப்படிப் பழக்குகிறார்கள், எந்தப் பயிற்சியாளரின் கை மென்மையானது, எவருடைய குதிரைகள் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டே ஓடுகின்றன என்பதெல்லாம் அங்கே மறைக்க முடியாது.

அப்படி நின்று நின்று எனக்குப் பிடிபட்ட ஒன்றுதான் குதிரை வாங்கும்போது என்னைக் காப்பாற்றியது. மெதுவாகப் போகும் குதிரைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உடலமைப்பாலும் சுபாவத்தாலும் மெதுவாகவே பிறந்தது. அதன் பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் ஆழமாக வந்து எடையைத் தாங்கும். முன்னங்கால்கள் முழங்காலை அதிகம் மடக்காமல் தரையை ஒட்டி நீளும். மற்றொன்று, வேகமாகப் போக நினைத்த ஒவ்வொரு முறையும் வாயில் இழுபட்டு, விலாவில் குத்துப்பட்டு மெதுவாக்கப்பட்டது. விற்பனைக் காணொளியில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த சில வாரங்களில், கண்டிப்பான கை விலகியதும், இரண்டாவது வகையின் உண்மை வேகம் வெளியே வந்துவிடும். அதன் உள்ளே சேர்ந்திருக்கும் பயமும் கூடவே வரும்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் காலடித் தாளம்தான் முதல் வழி. சிறுவயதில் மிருதங்கம் கற்றது இங்கே எனக்குக் கைகொடுத்தது. குதிரையின் நடை நான்கு அடி: தகதிமி. ஜாக் இரண்டு அடி: மூலைக்கு மூலை இரண்டு கால்கள் சேர்ந்து விழ, தக தக. லோப் மூன்று அடி: வேலிப் பக்கத்துப் பின்னங்கால் முதலில், திடலின் உட்பக்கத்துப் பின்னங்காலும் வேலிப் பக்கத்து முன்னங்காலும் சேர்ந்து அடுத்து, உட்பக்கத்து முன்னங்கால் கடைசியில், பிறகு நான்கு காலும் தரையை விட்ட ஒரு சிறு இடைவெளி. வாயால் தகிட, தகிட என்று சொல்லிக்கொண்டே பார்க்கலாம். குதிரையை அதன் இயல்புக்கு மீறி மெதுவாக்கினால் நடுவில் சேர்ந்து விழ வேண்டிய இரண்டு கால்களும் பிரிந்துவிடும். தகிட தகதிமி ஆகிவிடும். முன்பக்கம் லோப், பின்பக்கம் ஏதோ ஒரு நடை என்று இழுத்துக்கொண்டு போகும். இந்த இனத்தைப் பதிவுசெய்யும் சங்கமான அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷனின் விதிகளே இதைக் குறையாகக் கருதுகின்றன. அளவுக்கு மீறிய மெதுவும், காது நுனி தோள் மேட்டுக்குக் கீழே தொங்கும் தலையும் குறைகள்தான். காதில் சந்தேகம் இருந்தால் கைப்பேசியில் மெதுவியக்கத்தில் படம்பிடித்துப் பாருங்கள். இரு திசையிலும் எடுங்கள். பல குதிரைகள் இடப்பக்கம் தகிட போட்டு வலப்பக்கம் தடுமாறும்.

என் தொகை 15,000 டாலர். இந்தப் போட்டி உலகில் அது பெரிய பணம் இல்லை. இளவயதுக் குதிரைகளுக்கான போட்டிகளில் வெற்றிபெறும் ஒன்றை அந்தத் தொகையில் நினைக்கவே முடியாது. எனக்கு அது தேவையாகவும் இல்லை. புதிதாகப் போட்டிக்குள் வருகிறவர் இரண்டு, மூன்று வயதுக் குதிரையைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் தெரிவது பயிற்சியாளரின் திறமை. குதிரையின் குணம் தெரிய ஆண்டுகள் ஆகும்.

முதலில் பார்க்கப் போன குதிரை படத்தில் மிக அழகாக இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சேணம் பூட்டித் தயாராக நின்றது. கழுத்தைத் தடவியபோது முடி ஈரமாக இருந்தது; சேணத் துணிக்கு அடியில் காய்ந்த வியர்வையின் உப்புத் தடம். வருவதற்கு முன் நீண்ட கயிற்றில் வட்டமாக நெடுநேரம் ஓடவிட்டிருக்கிறார்கள். களைத்த குதிரை எதுவானாலும் மெதுவாகத்தான் போகும். அன்று நான் ஏறாமலேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதன்பின் ஒவ்வொரு விற்பனையாளரிடமும் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: அன்று காலை குதிரையைத் தொட வேண்டாம், கொட்டடியிலிருந்து அழைத்துவருவதையே நான் பார்க்க வேண்டும். முடிந்தால் முந்தைய இரண்டு நாளும் அதற்கு ஓய்வு. இதற்குத் தயங்குகிறவரிடம் போகவே வேண்டியதில்லை. காணொளி கேட்டாலும் இதே விதிதான்: கொட்டடியிலிருந்து வெளிவருவது முதல் இரு திசை லோப் வரை, வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல்.

அந்த முதல் குதிரையிடம் நான் கவனித்த இன்னொன்று அதன் வால். ஈ மொய்த்தும் அசையவில்லை. எரிச்சலுற்ற குதிரை வாலைச் சுழற்றும்; நடுவர் கண்ணில் அது படும். அதனால் வாலின் நரம்பை மரக்கச் செய்ய ஊசி போடும் கொடுமை இந்தத் துறையில் உண்டு. விதிப்படி தடைசெய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. சோதிப்பது எளிது. பின்னால் நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று வாலின் அடியைக் கையால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். உணர்ச்சியுள்ள வால் உடனே எதிர்த்து அழுத்தும். உயிரற்றுத் தூக்கினபடி வந்தாலோ, சாணம் போடும்போதுகூட வால் உயராமல் பின்பக்கம் அழுக்காகிக் கிடந்தாலோ விலகிவிடுங்கள். கூடவே விலாப்பகுதியில் குதிமுள் (சவாரி செய்பவர் குதிகாலில் மாட்டும் முள்) பட்ட இடத்தில் முடி உதிர்ந்த திட்டுகள், வாயோரத்துத் தழும்புகள், கையை உயர்த்தினால் தலையைத் திடுக்கென்று தூக்கும் பழக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். தோல் பொய் சொல்வதில்லை.

இரண்டாவது, இந்தியானாவில் ஒரு பெண் குதிரை. அதைப் பற்றி இன்றும் ஏக்கத்தோடுதான் நினைக்கிறேன். தகிட பிசகவே இல்லை. கடிவாள வாரை முற்றிலும் தளரவிட்டும் அதே சீர். என் பயிற்சியாளர் அதன்மேல் ஏறி இறங்கியதும் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். மருத்துவப் பரிசோதனையில்தான் தடங்கல் வந்தது.

வாங்குவதற்கு முன்னான மருத்துவப் பரிசோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். விற்பவருக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவர் வேண்டாம்; நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். அவர் குளம்பைக் கிடுக்கியால் அழுத்தி வலி பார்ப்பார். ஒவ்வொரு காலையும் சிறிது நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனிப்பார். கண், இதயம், பல் எல்லாம் பார்ப்பார். எக்ஸ்ரே தனிச் செலவு. இந்த வகைக் குதிரைக்கு எங்கே எடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். மெதுவான லோப் முழுவதும் பின்னங்கால் மூட்டுகளின் மேல்தான் நிற்கிறது. முன்பகுதியைத் தூக்கிப் பிடித்து எடையைப் பின்னுக்கு வாங்கும் வேலை அது. அதனால் பின்னங்கால் முட்டி மூட்டுகள் கட்டாயம். குவார்ட்டர் ஹார்ஸ்களில் கனத்த உடலைத் தாங்கும் சிறிய குளம்புகள் அடிக்கடி காணப்படுவதால் முன்னங்குளம்புகளும் கட்டாயம். குளம்பின் உள்ளே படகு வடிவிலிருக்கும் நாவிகுலர் எலும்பு தேய்ந்தால் குதிரை நாளடைவில் நொண்டும். அந்தப் பெண் குதிரையின் எக்ஸ்ரேயில் தெரிந்தது அதுதான். அன்று அது நொண்டவில்லை. ஆனால் நான் பல ஆண்டுகள் ஏற நினைத்த குதிரை அது. மருத்துவர் வாங்கு, வாங்காதே என்று சொல்லமாட்டார். நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு இந்த மாற்றம் எவ்வளவு இடையூறு என்று சொல்வார். முடிவு நம்முடையது. நான் விட்டுவிட்டேன்.

பரிசோதனையன்றே இரத்தம் எடுத்து மருந்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வலிநிவாரணி கொடுத்து நொண்டலை மறைக்கலாம். சாந்தப்படுத்தும் மருந்து கொடுத்துக் குணத்தை மறைக்கலாம். ரிசர்ப்பின் போன்ற சிலவற்றின் விளைவு வாரக்கணக்கில் நிற்கும். மருத்துவர் இரத்தம் எடுக்கப்போகிறார் என்று விற்பவருக்கு முதலிலேயே தெரிவித்துவிடுவது நல்லது. நேர்மையானவர் சரி என்பார்.

மரபணுச் சோதனை இதைவிட மலிவு. வேரோடு பிடுங்கிய கொஞ்சம் முடி போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலுள்ள கால்நடை மரபியல் ஆய்வுக்கூடம் குவார்ட்டர் ஹார்ஸ்களுக்கான நோய்களை ஒரே தொகுப்பாகச் சோதித்துத் தருகிறது. இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற ஆண் குதிரை உடற்கட்டுப் போட்டிகளில் பெரும் புகழ்பெற்றது; அதன் வழித்தோன்றல்கள் எண்ணற்றவை. கட்டான தசையோடு ஹெச்ஒய்பிபி என்ற தசைநோயும் அந்தப் பரம்பரையில் இறங்கியது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது குதிரை நடுங்கும், தளரும், சிலவேளை விழுந்து இறக்கும். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற குதிரைகளை, 2007ஆம் ஆண்டு முதல் பிறந்தவற்றில், குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் பதிவே செய்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் பெற்றவை இன்றும் விற்பனைக்கு வரும். அப்படிப்பட்டதை வாங்கினால், பொட்டாசியம் மிகுந்த அல்ஃபால்பா புல்லைத் தவிர்ப்பது தொடங்கி, வாழ்நாள் முழுவதும் தீவனத்தில் கவனம் வேண்டும். பரம்பரையில் இம்ப்ரெசிவ் பெயரைக் கண்டால் சோதனைத் தாளைக் கேளுங்கள்.

பரம்பரை பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியில் சிப்போ பைன் பார், அதன் மகன் சிப்ஸ் சாக்லேட் சிப் போன்ற பெயர்களை விளம்பரங்களில் அடிக்கடி காண்பீர்கள். மெதுவான, தட்டையான நடை அந்தக் குடும்பங்களில் இறங்கிவருவது உண்மைதான். ஆனால் காயடித்த ஆண் குதிரை வாங்கும் ஒருவர் தாத்தாவின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை. குட்டி போடப்போவது இல்லை, ஏறப்போவது பேரன்மேல்.

இறுதியில் நான் வாங்கியது பதினொரு வயதான, காயடித்த, செந்நிற ஆண் குதிரை. அதன் உரிமையாளரான பெண் கல்லூரிக்குப் போகவிருந்தாள். இளையோர் பிரிவில் 18 வயதுவரைதான் போட்டியிடலாம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் இப்படிப்பட்ட குதிரைகள் சந்தைக்கு வருகின்றன. புதியவருக்கு இவற்றைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்றே நினைக்கிறேன். பயிற்சியாளரின் கை மட்டுமே பழகிய குதிரை வேறு. ஒரு பள்ளிச் சிறுமியின் தவறுகளையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்ட குதிரை வேறு. நான் விற்பவர்களிடம் கேட்ட கேள்விகளில் மிகப் பயன்பட்டது இதுதான்: கடந்த ஆறு மாதமாக வாரத்தில் எத்தனை நாள், யார் ஏறினார்கள்? வாரம் ஐந்து நாள் தொழில்முறைப் பயிற்சியாளர் ஏறிச் சீராக வைத்திருக்கும் குதிரை, வார இறுதியில் மட்டும் ஏறும் என் கையில் வேறு குதிரையாகிவிடும். இதன்மேல் பெரும்பாலும் அந்தப் பெண்தான் ஏறினாள். வீட்டுக்காரர்கள் பின்னங்கால் மூட்டுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போடுவதைக் கேட்பதற்கு முன்பே சொன்னார்கள். மருத்துவக் குறிப்புகளையும் கொடுத்தார்கள். பதினொரு வயதுப் போட்டிக் குதிரைக்கு அது வியப்பில்லை. மறைக்காமல் சொன்னதால் மற்றவற்றையும் நம்ப முடிந்தது.

ஏறிப் பார்த்த அன்று திடலில் வேறு குதிரைகளையும் விடச் சொன்னேன். வெஸ்டர்ன் பிளெஷர் தனியாகச் செய்யும் வேலை இல்லை. பின்னால் வரும் குதிரை முந்தும்போது காதை மடக்கிக் கடிக்கப் போகிறதா, முன்னே ஒன்று நின்றுவிட்டால் என்ன செய்கிறது என்பதெல்லாம் கூட்டத்தில்தான் தெரியும். பிறகு நான் வேண்டுமென்றே வாரைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக எடுத்தேன், கால் அழுத்தத்தைத் தப்பான நேரத்தில் கொடுத்தேன். குதிரை ஒரு காதை என் பக்கம் திருப்பி, நடையை மாற்றாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே என் மனம் முடிவுசெய்துவிட்டது. அதற்குப் பின்னும் மருத்துவப் பரிசோதனை முழுவதையும் செய்தேன்.

பண விஷயத்தில் வெட்கப்படாமல் பேச வேண்டும். குதிரை தேடித் தரும் பயிற்சியாளருக்கு விலையில் பத்துச் சதவீதம் போலத் தரகு கொடுப்பது வழக்கம். அது நியாயமான உழைப்புக்கான கூலி. வாங்குபவரிடமும் விற்பவரிடமும் சொல்லாமல் இரு பக்கமும் வாங்குவதுதான் தவறு. கென்டக்கி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் இதைத் தடுக்கச் சட்டமே உண்டு. நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும், காசோலையை உரிமையாளர் பெயருக்கே எழுதுங்கள். தரகைத் தனியாகக் கொடுங்கள். விலை, தரகு, குதிரையின் பதிவெண் மூன்றும் உள்ள விற்பனைப் பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திடட்டும். என் பயிற்சியாளரிடம் தொடக்கத்திலேயே இதைச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. சுளிப்பவராக இருந்தால் அவரை வைத்துக்கொண்டு குதிரை தேடியிருக்கமாட்டேன்.

பதிவுச் சான்றிதழில் உள்ள உரிமையாளர் பெயரும் எதிரே நிற்கும் விற்பவரின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். இடையில் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றாமல் விற்றிருந்தால், அந்தச் சங்கிலியைச் சரிசெய்யும் வேலை உங்கள் தலையில் விழும். உரிமை மாற்றப் படிவத்தில் பதிவிலுள்ள உரிமையாளரின் கையெழுத்து இருந்தால்தான் டெக்சஸ் மாநிலத்திலுள்ள சங்கத் தலைமையகம் உங்கள் பெயருக்கு மாற்றும். உங்கள் பெயருக்கு வராத குதிரையோடு தொழில்முறையல்லாதோருக்கான அமெச்சூர் பிரிவில் இறங்குவதில் சிக்கல் வரலாம். சான்றிதழிலுள்ள படத்தையும் வெள்ளைக் குறிகளையும் குதிரையின் கால்களோடும் முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கொண்டுவருவதற்கு காகின்ஸ் சோதனைச் சான்று வேண்டும். குதிரைகளின் தொற்று இரத்தசோகை இல்லை என்பதற்கான அத்தாட்சி அது. மாநில எல்லையைக் கடந்தால் மருத்துவரின் உடல்நலச் சான்றும் சேர்ந்துகொள்ளும். வாங்கும் விலையை மட்டும் கணக்கிட்டு இறங்க வேண்டாம். லாயக் கட்டணம், பயிற்சி, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம், தடுப்பூசி, பல் தேய்ப்பு, போட்டிக் கட்டணம், வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஆண்டுகளில் நான் கொடுத்த விலையைத் தாண்டிவிட்டது. ஓராண்டுச் செலவை முதலிலேயே கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். அது இல்லையென்றால் ஓராண்டு பகுதிக் குத்தகைக்கு ஒரு குதிரையை எடுத்து ஏறுவது மேல்.

குதிரையை ஏற்றிவரும் நாளில் பழைய லாயத்திலிருந்து ஒரு வாரத்துக்கான உலர்புல்லையும் தானியத் தீவனத்தையும் விலைகொடுத்தாவது வாங்கி வாருங்கள். தீவனம் திடீரென்று மாறினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். மற்ற குதிரைகளிடமிருந்து இரண்டு வாரம் தள்ளி வைத்து, காலையும் மாலையும் உடல் வெப்பத்தைக் குறித்துவாருங்கள். அந்த இரண்டு வாரமும் நான் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்திச் சென்றேன், உடலைத் தேய்த்துவிட்டேன், புல் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல்முறை ஏறியபோது, அதை இவ்வளவு காலம் வளர்த்த பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, லோப் தொடங்க எந்தக் காலால் எங்கே அழுத்துவாள் என்று கேட்டுக்கொண்டேன். உங்களால் முடிந்தால் நீங்களும் கேளுங்கள். பயிற்சியாளர்கள் சொல்லாத பத்து விஷயங்களை அவள் சொன்னாள்.